ஈப்போ மலைகளில் அம்மாவோடு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைப் பார்த்து, வாருங்கள், பொழுதுபோக்காகக் காட்டில் நடந்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டுப் பாருங்கள். என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பல வருடம் பால்மரம் சீவியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஈரத் தழைக்குள் கால் வைத்து, தன் நிரைக்கு நடந்தவர். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஈப்போவைச் சுற்றியுள்ள மலைப்பாதைகளில் நடக்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "நடக்கறதுக்குப் பேர் யார் போடறா? கிராணியா?"

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர், பேர் போடுவதென்றால் வருகைப் பதிவு. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. தங்கச்சி பிள்ளைகளுக்கு அந்தக் கேலி புரியவில்லை. ஆனாலும் அம்மா வந்தார். அவர் வந்ததனால்தான் எனக்கு இந்தப் பயணம் எழுதக் கிடைத்தது.

ஈப்போ, பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் தொடர், இரண்டும் கருங்கல். இடையில் சமவெளியிலிருந்து திடீரென்று செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த சுண்ணாம்பு இது. பிறகு அதன் அருகே கருங்கல் குழம்பு பொங்கியெழுந்து ஆறியபோது, அதோடு வந்ததுதான் ஈயம், அதாவது வெள்ளீயம். மழை மலையைக் கரைத்து ஈயமணலைப் பள்ளத்தாக்கில் சேர்த்தது. 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகத்து ஈயத்தில் பாதி அளவு மலாயாவிலிருந்து போயிற்று. அதில் பெரும்பங்கு கிந்தாவுடையது. 2018-இல் இந்தப் பள்ளத்தாக்கைத் தேசியப் புவிப்பூங்காவாக அறிவித்தார்கள். ஒரே வேலிக்குள் அடங்கிய பூங்கா அல்ல அது. குகை, ஏரி, அருவி, பழைய சுரங்கம் என்று சிதறிக்கிடக்கும் இடங்களுக்கு ஒரு பொதுப்பெயர். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது வசதி. எங்கேயும் நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை.

முதலில் கிளேடாங். மெங்கெலம்புவில் அடிவாரம். மெங்கெலம்பு என்றால் மலேசியாவில் எல்லோருக்கும் நினைவு வருவது வறுத்த கச்சான், அதாவது நிலக்கடலைதான். மலை 808 மீட்டர் உயரம். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்பதால் மேலே வரைக்கும் தார்ச்சாலை போகிறது. வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலைதான் ஈப்போக்காரர்களுக்குக் காலைநேர உடற்பயிற்சிக்கூடம். விடிந்தும் விடியாமலும் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. துண்டைக் கழுத்தில் சுற்றிய சீனப் பெரியவர்கள், கையில் குச்சியோடு இரண்டிரண்டு பேராகத் தமிழ் ஓய்வூதியக்காரர்கள், காதில் பாட்டை மாட்டிக்கொண்ட மலாய் இளைஞர்கள். எதிரில் வருகிறவர் யாரானாலும் "ஜோ சான்" என்று கந்தோனீசில் காலை வணக்கம் சொல்கிறார். ஈப்போ கந்தோனீஸ் பேசும் ஊர். அம்மாவும் தயங்காமல் திருப்பிச் சொன்னார். கடைக்காரச் சீனரிடம் கடன் சொல்லிச் சாமான் வாங்கிய காலத்து மொழி அது, மறக்கவில்லை.

சாலையை விட்டுக் காட்டுக்குள் பிரியும் ஒற்றையடிப் பாதைகளும் உண்டு. தங்கச்சியின் சின்னவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. வேர்கள் படிக்கட்டாகக் குறுக்கே கிடக்க, கையை ஊன்றி ஏறினான். அம்மா சாலையை விடவில்லை. "காட்டுப் பாதை நெறைய பாத்தாச்சு. தார் ரோட்டுல நான் எப்ப நடந்தேன்?" என்றார். உச்சிக்கு நாங்கள் போகவில்லை. மரங்கள் விலகும் ஒரு வளைவில் நின்று கீழே பார்த்தோம். பள்ளத்தாக்கு முழுக்கக் குளங்கள் பளபளத்தன. இயற்கைக் குளம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் ஈயலம்பம் என்ற ஈயச் சுரங்கங்கள் விட்டுப்போன குழிகள். மண்மேட்டைத் தண்ணீர்ப் பீய்ச்சலால் கரைத்து, சேற்றைக் குழாய்வழி உயரமான மரவாய்க்கால்மேல் ஏற்றிவிடுவார்கள். கனமான ஈயமணல் அடியில் தங்கும், மிச்சம் வழிந்து போகும். 1985-இல் அனைத்துலக ஈய மன்றம் நொடித்ததும் விலை தரைதட்டியது, லம்பங்கள் வரிசையாக மூடின. குழியில் மழை நிறைந்தது. இப்போது அவற்றின் கரையில் வீடமைப்புத் திட்டங்கள் 'ஏரிக்காட்சி' என்ற பெயரில் விற்பனையாகின்றன.

மலையிறங்கிப் புந்தோங்கில் பசியாறினோம். ஈப்போவின் தமிழ்ப் பேட்டை இதுதான். இங்கே வரும் வெளியூர்க்காரர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கச்சாங் பூத்தே என்ற பெயரில் முறுக்கு, பக்கோடா, ஓமப்பொடி, மாவு பூசிப் பொரித்த பட்டாணி, காரக் கச்சான் என்று நாடு முழுக்கப் போகும் சரக்கு பெரும்பாலும் இந்தச் சந்துகளில் பொரிந்ததுதான். எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் தொடங்கிய தொழில். தலையில் மரத்தட்டும் கையில் காகிதக் கூம்புமாகத் திரையரங்க வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று நெகிழிப் பையில் பெயர் அச்சடித்துப் பேரங்காடிக்கு அனுப்புகிறார்கள். கடைக்குள் நுழைந்தால் எண்ணெய் வாசத்தோடு கறிவேப்பிலை வாசம். தங்கச்சி மகள் வழிக்கு வேண்டும் என்று பை நிறைய அள்ளினாள்.

அதைப் பார்த்து அம்மா சொன்னது எனக்குப் புதிது இல்லை, பிள்ளைகளுக்குப் புதிது. 1948-இல் சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் மூவரை ஒரே காலையில் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது அதையொட்டித்தான். 1960 வரை அது நீடித்தது. காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்று, தோட்ட வாசலில் முள்வேலி போட்டு, மரம் சீவப் போகிறவர்களை நிறுத்திச் சோதித்தார்கள். கட்டுச்சோறு, அரிசி, டின் பால் எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. "எங்கம்மா வெறும் வயித்தோட சீவிட்டு, வீட்டுக்கு வந்துதான் பசியாறும். நீ காட்டுக்குப் போறதுக்கு ஒரு மூட்டை கட்டற" என்றார். பேத்தி பையைக் கீழே வைக்கவில்லை. அம்மாவும் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டார்.

புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து தைப்பூசத்தன்று காவடிகள் புறப்பட்டுச் சேருமிடம் குனோங் சீரோ கல்லுமலை. சுண்ணாம்புக் குன்றின் காலடியில் முருகன் இருக்கிறான். கோயில் முற்றத்தில் நின்று அண்ணாந்தால் பாறை தலைக்குமேல் கவிந்து வருகிறது. அடிப்பகுதியை ஈரமும் தண்ணீரும் அரித்துத் தின்றிருப்பதால் மேற்பாறை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சுண்ணாம்பு மலைகளின் குணமே அது. 1973 அக்டோபரில் இதே மலையிலிருந்து ஒரு பெரும் பாறைப்பலகை பெயர்ந்து, ஒட்டியிருந்த நீள்வீட்டின்மேல் விழுந்து நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். இன்று அடிவாரம் அமைதியாக இருக்கிறது, குரங்குகள் தேங்காய்மூடிக்குச் சண்டை போடுகின்றன. அர்ச்சகர் திருநீறு கொடுத்துவிட்டு, பிள்ளைகளிடம் பாறைக்கு ரொம்பக் கிட்டே போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் இடம் ஊரின் வடக்கே குனோங் லாங். 2000-இல் திறந்தது. சுற்றிலும் சுண்ணாம்பு மலை, நடுவில் பழைய லம்பக் குளம், மலையுச்சியிலிருந்து விழும் செயற்கை அருவி. ஏரியைப் படகில் கடந்தால் சதுப்பின்மேல் பலகைப்பாதை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கூட நடக்கலாம். நாரைகள் நெருங்கிப்போனாலும் பறப்பதில்லை. பாறையிடுக்குகளில் தொங்கும் செடிகளைக் காட்டி, இதெல்லாம் இந்த மலையில் மட்டும் வளர்வதா என்று தங்கச்சி மகள் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒவ்வொரு சுண்ணாம்புக் குன்றும் சமவெளிக்கு நடுவே தனித்தீவு. நத்தை ஒரு குன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது. அதனால் சில உயிர்கள் ஒரே ஒரு மலையில் மட்டும் உண்டு. வடக்கே செமோர் பக்கம் குனோங் கந்தான் மலையில் கண்டறிந்த ஒரு குட்டி நத்தைக்கு 2014-இல் 'சரோப்பா லாஃபார்கெய்' என்று பெயரிட்டார்கள். அந்த மலையைச் சிமெண்டுக்காக வெட்டிக்கொண்டிருந்த நிறுவனத்தின் பெயரையே நத்தைக்கு வைத்துவிட்டார்கள் அறிவியலாளர்கள். இதைவிடக் கூர்மையான மனுவை யாரும் எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஈப்போவிலிருந்து தெற்கே போகும் வழியில் அந்த வெட்டுகளை நேரில் பார்க்கலாம். சிம்பாங் பூலாய் தாண்டும்போது மலைகளின் பாதி பச்சை, பாதி வெள்ளை. அரைத்தெடுத்த கல்மாவு சாயத்துக்கும் காகிதத்துக்கும் பற்பசைக்கும் போகிறது. சின்னவன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

பத்து காஜாவை நெருங்கினால் சாலையோரம் ஆற்றுக்கு அப்பால் கெல்லிஸ் கோட்டை. கோட்டை என்று சொன்னாலும் அது முடியாத ஒரு மாளிகை. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1890 வாக்கில், இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். சாலை போடக் காடு வெட்டும் குத்தகையில் காசு பார்த்தார். நிலம் வாங்கி ரப்பர் நட்டார், ஈயமும் எடுத்தார். தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர். 1915-இல் மகன் பிறந்ததும் பழைய வீட்டோடு ஒட்டி இந்த மாளிகையை எழுப்பத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டிய கைகள் மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த தமிழர்களுடையவை. கோபுரத்தில் மின்தூக்கிக்கு இடம்விட்டுக் கட்டியிருக்கிறார்கள், தூக்கி வரவேயில்லை. 1926-இல் ஸ்மித் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மனைவி சொத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பினார். வேலை நின்ற இடத்தில் நிற்கிறது. செங்கல் தெரியும் வளைவுகள் வழியே வெளிச்சம் விழுவது படமெடுப்பவர்களுக்கு வசதி. 1999-இல் ஹாலிவுட்காரர்கள்கூட வந்து 'அன்னா அண்ட் த கிங்' படத்தின் காட்சிகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

வருகிறவர்கள் பேய்க்கதையும் சுரங்கப்பாதைக் கதையும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அம்மாவுக்குச் சுவரில்தான் கண். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் விளிம்பை விரலால் தடவி, "கொத்து வேலை நல்லா இருக்கு" என்றார். எந்த வழிகாட்டியும் இதுவரை அந்தக் கட்டடத்தைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கொஞ்ச தூரத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயில். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் பரவிய விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களில் தமிழர்களை வாரிக்கொண்டு போயிற்று. இங்கே கட்டடவேலைக்காரர்கள் மடியத் தொடங்கியதும், ஆத்தாளுக்குக் கோயில் கட்டினால்தான் நிற்கும் என்று மற்றவர்கள் துரையிடம் கேட்க, அவர் கட்டிக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். நன்றிக்கடனாகக் கோயில்மேல் தெய்வ உருவங்களுக்கிடையே அவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள். கால்சட்டையும் மேற்சட்டையுமாகச் சாமிகளுக்கு நடுவே விறைப்பாக நிற்கிறார். கோட்டைக்கு வரும் கூட்டத்தில் கோயில் பக்கம் திரும்புவோர் சிலர்தான். எனக்கென்னவோ கோட்டையைவிட இந்தச் சிலை அதிகம் சொல்கிறது. மாளிகை துரையைப் பற்றிச் சொல்லும், சிலை துரையை அவர்கள் எங்கே வைத்திருந்தார்கள் என்று சொல்லும். அம்மாவின் கருத்து வேறு. "சாமி பக்கத்துல நின்னா என்ன, சம்பளத்தைக் கூட்டிக் குடுத்தாரான்னு கேளு."

தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயமணல் வாரும் கப்பலைப் பிள்ளைகளுக்காகப் பார்த்தோம். 1938-இல் கட்டியது, 4500 டன் எடை, தன் குளத்தைத் தானே தோண்டிக்கொண்டு 1982 வரை மிதந்தது. வாளிச் சங்கிலியின் ஒரு வாளிக்குள் சின்னவன் முழுசாக உட்கார்ந்துவிடலாம். சத்தமும் துருவும் எண்ணெயும் இரவு பகலாக இருந்த இடம் என்பதைக் கற்பனை செய்துகொண்டால் போதும், மேற்கொண்டு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இயந்திரங்கள் எனக்குப் புரிவதில்லை.

குவா தெம்புரோங் வேறு. கோப்பெங்குக்குத் தெற்கே, நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தினமும் கடந்துபோகும் மலைக்குள் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குகை. உள்ளே ஓர் ஆறு மலையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. தண்ணீரில் தவழ்ந்து போகும் நீண்ட வழியும் உண்டு, படிக்கட்டும் கைப்பிடியும் விளக்கும் போட்ட உலர்ந்த வழியும் உண்டு. பாட்டியும் பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு இரண்டாவதுதான். மண்டபம் மண்டபமாக விரிகிறது. ஒவ்வொன்றுக்கும் கவிழ்த்த கொட்டாங்கச்சி மாதிரி உருண்ட கூரை. தொங்குபாறைகளின் நுனியில் ஒரு சொட்டு நீர் நின்று, யோசித்து, விழுகிறது. அந்தச் சொட்டு விட்டுப்போகும் சுண்ணாம்புத் துகள்தான் அடுத்த நூற்றாண்டின் மில்லிமீட்டர். ஈயம் தேடி இங்கேயும் வந்திருக்கிறார்கள். அவசரகாலத்தில் கெரில்லாக்கள் ஒளிந்திருந்த கதையும் இந்தக் குகைக்கு உண்டு. வழிகாட்டி விளக்குகளைச் சற்றுநேரம் அணைத்தார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றே. கூட்டத்தில் சில பிள்ளைகள் அலறினார்கள். அந்த இருட்டில் அம்மாவின் குரல்: "இது என்ன இருட்டு? மழைக்காலத்துல வெளிக்காட்டுக்கு வந்து பாரு." வழிகாட்டி தமிழ்ப் பையன். சிரித்துவிட்டான். "பாட்டி, எங்க ஆயாவும் இதே சொல்லும்" என்றான்.

கடைசியாக, கோப்பெங்கிலிருந்து மலைக்குள் ஏறும் குறுகலான சாலையில் உலு கெரோ. செமாய் பூர்வகுடியினரின் கிராமம். ரஃப்ளீசியா பார்க்க வருகிறவர்களை அவர்களே காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வெளியாள் தனியாகப் போகக்கூடாது. அதுவே சரி. ஓடைக்கரையின் ஈரமணலில் ராஜா புரூக் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக இறங்கியிருந்தன. மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சி. கறுப்பு இறக்கையில் பச்சை முக்கோணங்கள். மண்ணில் ஊறும் உப்பை உறிஞ்ச வந்த ஆண்கள் அவை. பெண்கள் மரஉச்சியை விட்டு அதிகம் இறங்குவதில்லை. 1855-இல் இயற்கை ஆய்வாளர் வாலஸ் இதற்குச் சரவாக் ராஜாவின் பெயரை வைத்தார்.

ரஃப்ளீசியா வேர், தண்டு, இலை எதுவும் இல்லாத ஒட்டுண்ணி. ஒரு காட்டுக்கொடிக்குள் இழையாகவே வாழ்ந்து, மாதக்கணக்கில் மொட்டாகப் பருத்து, விரிந்தால் ஒரு வாரத்துக்குமேல் தாங்குவதில்லை. நாங்கள் பார்த்தது விரிந்து சில நாள் ஆனது, ஓரங்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. செங்கல் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள், நடுவில் கிண்ணம். பக்கத்தில் குனிந்தால்தான் பிணவாடை. ஈக்களுக்கு அது போதும். பேராக்கில் பூக்கும் இந்த வகைக்கு 'கான்ட்லி' என்ற பெயர், சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை நடத்தியவருடையது. 1888-இல் அவருக்குப் பின்னால் வந்தவர் ரிட்லி. மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பட்டை சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, தோட்டக்காரர்களை நச்சரித்து ரப்பர் நட வைத்தார். பேராக்கில் அதற்கு முன்பே, 1877-இல், கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் கிழமரமாக நிற்கிறது. ரிட்லியின் பிடிவாதத்தால்தான் என் கொள்ளுத்தாத்தா கங்காணி பின்னால் கப்பலேறினார்.

திரும்பும் வழி கிராமத்தாரின் ரப்பர்த் துண்டுக்குள் போயிற்று. அம்மாவின் பழைய தோட்டம் செம்பனைக்கு மாறி வருடங்களாகிவிட்டன. லயத்து வீடுகள் இடிந்தன, மக்கள் தாமான் குடியிருப்புகளுக்குப் போனார்கள். பால்மரத்தை அவர் தொட்டு வெகுகாலம். ஒரு மரத்தின் முன் நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, வெட்டுக்கோட்டைப் பார்த்தார். இடதுமேலிருந்து வலதுகீழாகச் சரிவு. அப்படிச் சரித்தால்தான் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறும் பால்குழாய்கள் அதிகம் அறுபடும். கோட்டின் முடிவில் தகரத் துண்டு, அதன்கீழ் மங்கில் பால் உறைந்துகொண்டிருந்தது. பட்டையில் முந்தைய வெட்டுகள் படிப்படியாக மேலே, ஒரே தடிப்பில். கட்டைவிரலால் அழுத்தி இறக்கிக்கொண்டே வந்தார். "காயம் படாம சீவியிருக்கு. யார்டா இது?" என்று தமிழிலேயே கேட்டார். நான் மலாயில் சொன்னேன்.

"என் மனைவி, மக்சிக்" என்றார் எங்களைக் கூட்டிப்போன செமாய் வழிகாட்டி. மக்சிக் என்றால் மலாயில் அத்தை.

பாட்டி ஒருதரம் சீவிக் காட்டட்டும் என்று பேத்தி அடம்பிடித்தாள். வழிகாட்டி குடிசைக்குப் போய் உளியைக் கொண்டுவந்து நீட்டிவிட்டார். அம்மா வாங்கி, முனையை நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். "வெயில் ஏறிடுச்சு. இப்ப சீவினா பால் இறங்காது, மரம்தான் வீணா நோகும். அதுவும் அடுத்தவங்க மரம்."

பிள்ளைகள் ஆற்றில் இறங்கினார்கள். அம்மா குடிசைத் திண்ணையில் உட்கார்ந்து, கட்டிப்பால் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறான், மழைநாளில் என்ன செய்கிறீர்கள், ஒட்டுப்பாலைத் தனியாகத்தானே போடுகிறீர்கள் என்று கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வழிகாட்டியின் மனைவி வேலையில் கைவைத்தபடியே பதில் சொன்னார். வாசலில் பெத்தாய்க் காய்க் கட்டுகள் தொங்கின. கோப்பெங் சந்தையில் இதைவிடக் குறைவு என்று அம்மா பேரத்தைத் தொடங்க, அந்தப் பெண் அசராமல், அப்படியானால் கோப்பெங்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், நேற்று நான்தான் அங்கே கொண்டுபோய்ப் போட்டேன் என்றார். அம்மா மூன்று கட்டு வாங்கினார், சொன்ன விலைக்கே.